க்ளோண்டைக் என்றால் என்ன பொருள்?

க்ளோண்டைக் என்பது தங்கத்தைக் குறிக்கும் சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்தச் சொல்லின் மூலப் பொருளுக்கும் தங்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அது கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் ஆற்றில் வந்து கலக்கும் ஒரு சின்ன ஆற்றின் பெயர். அங்கே காலங்காலமாக வாழும் ஹான் மக்களின் மொழியில் அதை ட்ரோண்டெக் என்பார்கள், ஏறக்குறைய 'சுத்தியல் கல் ஆறு' என்று சொல்லலாம். சால்மன் மீன் ஏறிவரும் பருவத்தில் ஆற்றின் குறுக்கே மரக்கழிகளை நட்டு மீனை மறிப்பார்கள்; அந்தக் கழிகளை ஆற்றுப் படுகையில் அடித்து இறக்கப் பயன்பட்ட கல்தான் பெயரில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், ஒரு சமூகம் சோறு தேடிய விதமே ஆற்றின் பெயராக நிற்கிறது.

1896 ஆகஸ்டில் இந்த ஆற்றின் கிளை ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவி சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள், போய்ச் சேர்ந்தது அதில் பாதிகூட இல்லை. வந்தவர்கள் வாயில் ட்ரோண்டெக் நுழையவில்லை, க்ளோண்டைக் ஆகிவிட்டது. ஹான் மக்களோ தங்கள் மீன்பிடி முகாமை விட்டு, ஆற்றோட்டத்தில் சற்றுக் கீழே இருந்த மூஸ்ஹைடு என்ற இடத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று.

அப்புறம் ஆங்கிலத்தில் 'அள்ள அள்ளக் குறையாத இடம்' என்ற பொருளிலும் இந்தப் பெயர் வழங்கத் தொடங்கியது. கம்ப்யூட்டரில் நாம் தனியாக உட்கார்ந்து ஆடும் சாலிட்டேர் சீட்டாட்டம் இருக்கிறதே, அதன் சரியான பெயரும் க்ளோண்டைக்தான்.