விடுமுறையில் வரும் கலாசார அதிர்ச்சி

நண்பரே, கிராமத்தில் பல மாதம் தன்னார்வப் பணி செய்துவிட்டு விடுமுறைக்குப் பெருநகரம் போன இடத்தில், சூப்பர் மார்க்கெட்டிலிருந்து கண்கலங்கி வெளியே வந்துவிட்டதாகவும், தாராளமாகச் செலவு செய்பவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பணியிடத்தின் வேகத்துக்கும் விலைவாசிக்கும் பழகிவிட்டீர்கள், அவ்வளவுதான். புது இடத்துக்குப் போனபோது வந்த மனச்சோர்வு போலவே, சொந்த ஊர் திரும்புகிறவர்களுக்கும் இரண்டாவதாக ஒரு சரிவு வரும் என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963-லேயே எழுதினார்கள். உங்களுக்கு அது விடுமுறையிலேயே எட்டிப் பார்த்திருக்கிறது.

முடிந்தால் மீதி நாட்களுக்கு ஒரு சின்ன ஊருக்கு மாறிவிடுங்கள். முக்கியமாக, ஒவ்வொரு விலையையும் பணியிடச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். குற்ற உணர்வுக்குத் தீனி போடுவது அந்தக் கணக்குதான். (சொல்வது சுலபம், தெரியும்.) கூட வந்தவர்கள்மேல் பாயாதீர்கள், அவர்கள் அந்தக் கிராமத்தைப் பார்த்ததில்லை. புலம்ப வேண்டுமென்றால் சக தன்னார்வலர் ஒருவருக்குப் போன் போடுங்கள், பாதி பேச்சிலேயே புரிந்துகொள்வார்.

பணியிடம் திரும்பியதும் சில நாள் வேலை ஓடாது. அந்த வாரத்தில் பெரிய கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் சரியாகாவிட்டால், உங்களை அனுப்பிய அமைப்பிடம் சொல்லி ஆலோசகரைக் கேளுங்கள்.