ஜமைக்காவின் இசை ஸ்காவிலிருந்து டான்ஸ்ஹாலுக்கு எப்படி மாறியது?

பாடகர்களைவிட ஒலிபெருக்கிக்காரர்களுக்குத்தான் இதில் பெரிய பங்கு என்பேன். 1950களில் தலைநகர் கிங்ஸ்டனின் தெருக்களில் பிரம்மாண்டமான ஒலிபெருக்கிகளை அடுக்கி, அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டு நடனம் நடத்தினார்கள். அந்த வகைத் தட்டுகளின் வரத்து குறைந்ததும் அவர்களே உள்ளூர்க் கலைஞர்களை வைத்து ஒலிப்பதிவில் இறங்கினார்கள். பிறந்தது துள்ளலான ஸ்கா. 1962இல் விடுதலை பெற்ற நாட்டின் உற்சாகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1966 வாக்கில் வேகம் தளர்ந்து ராக்ஸ்டெடி ஆனது. அதற்கு ஆயுள் இரண்டே ஆண்டுகள்தான்.

1968 வாக்கில் ரெகே. பேஸ் கிட்டார் ஓங்கி ஒலித்தது. 1970களில் ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கச் சமய நம்பிக்கையும் வறுமையும் பாடுபொருளாயின. பிறகு ரெகேயிலிருந்து கிளைத்தது டான்ஸ்ஹால், நடன அரங்குகளுக்கான இசை. 1985இல் வெய்ன் ஸ்மித் பாடிய ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’, கேசியோ கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளத்தின் மேல் எழுந்தது. வாத்தியக்காரர்களே தேவைப்படவில்லை! அதன்பின் டான்ஸ்ஹால் பெரும்பாலும் மின்னணுத் தாளங்களுக்கு மாறியது.