அடைசல் குறைய: வீடு ஒதுக்குவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். இரண்டு படுக்கையறை ஃபிளாட். பரண் முழுக்கப் பித்தளையும் எவர்சில்வரும். மாமியார் ஒன்றையும் தொட விடுவதில்லை. என்ன செய்யலாம் அக்கா?

பதில்: அவர் தொட விடாததில் நியாயம் இருக்கிறது. ஒரு தூக்குவாளியையோ குடத்தையோ எடுத்து விளிம்பைப் பாருங்கள், பெயர் வெட்டியிருக்கும். சிலவற்றில் தேதியும் இருக்கும். அவருக்கு அது கல்யாணச் சீர், தம்பி செய்த முறை, யாரோ பெரியம்மா வைத்துக் கொடுத்தது. அவரைக் கேட்காமல் ஒரு டம்ளரை எடைக்குப் போட்டாலும் அப்புறம் அந்த வீட்டில் எதையும் நகர்த்த முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்புங்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்துக் கையில் கொடுங்கள். யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு வந்தது என்று அவர் சொல்லட்டும். சொல்லச் சொல்ல, அவருக்கு முக்கியமானவை தனியே சேர்ந்துவிடும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் கிரகப்பிரவேசத்துக்கும் வளைகாப்புக்கும் வந்த ஒரே மாதிரியான டப்பாக்களும் தட்டுகளும்தான். அவற்றை அவரே "எடுத்துக்கோ" என்பார். அவர் வாயால் அது வரும்வரை காத்திருப்பதுதான் இதில் பெரிய வேலை.

கொடுக்கும்போது எவர்சில்வர், பித்தளை, செம்பு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். செம்புக்கும் பித்தளைக்கும் விலை கூடுதல், கலந்து போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். பல பாத்திரக் கடைகளில் பழசை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசு தருகிறார்கள். வைத்துக்கொள்ளும் பித்தளையில் ஒன்றிரண்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். பூச்சு போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது.

கேள்வி: அழகான பிளாஸ்டிக் டப்பாக்கள், கூடைகள் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிட்டு ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வெளியே போக வேண்டியது போகட்டும். மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்த பிறகு அளவு பார்த்து வாங்குங்கள். பாதி வீடுகளில் அப்போது வாங்கவே வேண்டியிருக்காது.

கேள்வி: காலையில் ஏழரை மணிக்கு வேன் வந்துவிடும். தினமும் ஒரு சாக்ஸ், இல்லையென்றால் ஐடி கார்டு காணோம். கத்தாத நாள் இல்லை.

பதில்: சாக்ஸ் துவைத்த துணிக் குவியலில், ஐடி கார்டு பையில், பெல்ட் குளியலறைக் கதவில் என்று இருந்தால் எந்தக் குழந்தைதான் கிளம்பும்? பொருள் பயன்படுகிற இடத்தில் இருக்க வேண்டும். வாசல் பக்கத்துச் சுவரில், குழந்தையின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கு இரண்டு கொக்கி அடியுங்கள். ஒன்றில் பை, இன்னொன்றில் பெல்ட்டும் ஐடி கார்டும். சாக்ஸ் செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டில் இருக்கட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி மாட்டுவது அவர்கள் வேலை. நம் உயரத்துக்கு அடித்தால் அந்த வேலை நம் தலையில்தான் விழும்.

பழைய நோட்டுகளை ஆண்டுத் தேர்வு முடிந்த வாரமே பாருங்கள். எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்தால் ரஃப் நோட்டு ஆகும். பாடப்புத்தகத்தைக் கீழ் வகுப்புப் பிள்ளை யாருக்காவது உடனே கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறினால் யாருக்கும் உதவாது.

கேள்வி: பீரோவில் பட்டுப்புடவைகளுக்கே இரண்டு தட்டு போய்விட்டது. வருடத்துக்கு இரண்டு முறை கட்டினால் அதிகம். கொடுக்கவும் மனசில்லை.

பதில்: கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வைத்திருக்கிற விதம் சரியா என்று பாருங்கள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், உள்ளே ஈரம் தங்கிச் சரிகை கறுக்கும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளி கறுப்பது போலத்தான் அதுவும் கறுக்கும். சென்ட் புடவையில் நேராகப் படக் கூடாது, அந்துருண்டையும் கூடாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றையும் சுற்றி வையுங்கள். பூச்சிக்கு, வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போட்டால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். பிரித்துப் பார்க்கும்போது இற்றுப்போனதும் தெரிந்துவிடும். உடல் கிழிந்து கரையும் முந்தானையும் நன்றாக இருந்தால் பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம். அசல் சரிகையாக இருந்தால் பழைய பட்டு வாங்குகிற கடைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: அப்பா எல்லா ரசீதையும் வைத்திருக்கிறார். இரண்டு டிரங்குப் பெட்டி. எதை எறியலாம்?

பதில்: எறிவதற்கு முன் பிரிக்க வேண்டும், அதுவும் அவரோடு உட்கார்ந்து. கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும் அசலாக வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்குப் போனாலும் வீட்டை விற்கப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் பழைய நகல்கள் குவிந்திருந்தால் கடைசியாக எடுத்தது ஒன்று போதும், இப்போது தேவைப்படும்போது அரசு இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும் ஒரே ஃபைலில் இருக்கட்டும், லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். வெளிநாட்டுப் படிப்புக்குச் சான்றொப்பம் வாங்கப் போகும்போது அது தொல்லையாகும்.

வாரண்டி பில் வழவழப்பான தாளில் இருந்தால் எழுத்து அழிந்துவிடும், இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். கட்டி முடித்த பழைய கரண்ட் பில், கேஸ் ரசீது எல்லாம் போகலாம். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் மாதிரியானதை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் முழுசாகக் கொடுக்காமல் கிழித்துப் போடுங்கள்.

கேள்வி: எப்படியும் போகிக்கு எல்லாவற்றையும் கொளுத்தத்தானே போகிறோம்?

பதில்: பழைய பாய், முறம், துடைப்பம் எரித்த காலத்து வழக்கம் அது. இன்று நம் வீட்டிலிருந்து போவது ரெக்சின் பையும் பாலியெஸ்டர் துணியும் பிளாஸ்டிக்கும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ வயதானவரோ இருந்தால் அந்தக் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போகிக்கு முந்தைய வாரத்தை ஒதுக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல வழக்கம். நெருப்பு மட்டும் வேண்டாம். உடுத்தக்கூடிய துணியைத் துவைத்து, மடித்து, பட்டன் பார்த்துக் கொடுங்கள். உடுத்த முடியாததைச் சமையலறைக் கைத்துணியாக வெட்டுங்கள்.

கேள்வி: ஒரு டிராயர் நிறையப் பழைய போன், சார்ஜர், பேட்டரி. அதையும் பேப்பர்காரரிடமே போடலாமா?

பதில்: கூடாது தம்பி. மின்னணுக் கழிவை அதற்கென்று அனுமதி பெற்ற சேகரிப்பு மையத்தில்தான் கொடுக்க வேண்டும், பல பிராண்டுகளின் சர்வீஸ் சென்டரிலும் வாங்கிக்கொள்கிறார்கள். கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள். எந்தப் போனாவது முதுகு உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தியும் பார்க்காதீர்கள். துணி, பேப்பர் பக்கத்தில் இல்லாமல் தனியே எடுத்து வைத்து இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். டிராயரில் மற்றதெல்லாம் அடுத்த மாதம்வரை காத்திருக்கலாம்.