கோவையிலிருந்து தனி ஆளாகக் கோடியக்கரை தேசியப் பூங்காவுக்குப் போய்வர முடியுமா? எப்போது, எப்படிப் போவது?

தாராளமாகப் போகலாம். யானை, சிறுத்தை பயம் அங்கே இல்லை. தனியாகப் போகிறவரைத் திணறடிப்பது வண்டி, குடிதண்ணீர், சேறு, இந்த மூன்றும்தான்.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் கேள்வியில் 'தேசியப் பூங்கா' என்று எழுதியிருக்கிறீர்கள். கோடியக்கரை 1967இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயம். பக்கத்துச் சதுப்பும் சேர்ந்து 2002இல், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்தது. கடல் தேசியப் பூங்கா என்றால் அது மன்னார் வளைகுடா. அங்கே 21 தீவுகள், நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. தனி ஆளுக்குக் கோடியக்கரைதான் தோது.

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்துவிட்டு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஈரோடு பக்கம் வெள்ளோட்டிலும் திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் கூழைக்கடா பார்த்துப் பழகியவர்கள் இங்கே வருவது பெரும்பாலும் பூநாரைக்காக (ஃபிளமிங்கோ). அது தண்ணீரில் நின்று, அலகைக் கவிழ்த்து, சேற்றை அலசித் தின்னும் பறவை. கால் எட்டாத ஆழத்தில் அதற்கு வேலையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிரம்பிவிட்டால் கூட்டம் கலைந்து தூரமாகப் போய்விடும். மழை ஓய்ந்து தண்ணீர் வடியும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நவம்பரில் போவதென்றால் வானிலை அறிக்கை பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். 2018இல் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில்தான் கரை ஏறியது. வெளிமான் (பிளாக்பக்) மட்டும் போதும் என்றால் வருஷம் முழுக்க உண்டு, ஆனால் சித்திரை வெயிலில் அந்தப் புல்வெளியில் நிற்க முடியாது.

ரயில்: கோவை - மன்னார்குடி செம்மொழி எக்ஸ்பிரஸ். திருப்பூர், ஈரோட்டிலும் ஏறலாம். இதில் பலரும் ஏமாறுவது தேதியில். வண்டி கோவையில் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். வெள்ளி ராத்திரி வீட்டிலிருந்து புறப்படுகிறவர் சனிக்கிழமைத் தேதிக்குப் பதிவு செய்ய வேண்டும். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி, அங்கிருந்து வேதாரண்யம், இரண்டும் பஸ். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி ரயில் பாதை 2023இல் மறுபடி திறந்தது, ஆனால் வண்டிகள் சொற்பம். நேரம் ஒத்துவந்தால் மட்டும் பாருங்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பதினொரு கிலோமீட்டர்.

தங்க வனத்துறை விடுதி கோடியக்கரையிலேயே உண்டு, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யம் கோயில் பக்கத்து லாட்ஜ். கோயில் ஊர்களில் தனி ஆளுக்கு அறை தரத் தயங்கும் லாட்ஜ்களும் உண்டு, அதனால் போன் போட்டு "ஒரே ஆள்தான்" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள். ஆதார் அசல் கையில் இருக்கட்டும். இலங்கை பக்கம் என்பதால் கேமராவோடு கரையில் தனியாக நடப்பவரைப் போலீசார் விசாரிப்பது சகஜம். ட்ரோனை வீட்டில் வைத்துவிடுங்கள்.

டாப்சிலிப் மாதிரி வேனில் உட்கார்ந்தால் உள்ளே சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். விடிகாலையில் வேதாரண்யத்திலேயே ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், காத்திருந்து திரும்பக் கூட்டிவருவதற்கும் சேர்த்து. போக மட்டும் பேசிவிட்டு மதியம் திரும்ப வண்டி தேடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. நுழைவுச் சீட்டு வாங்கும்போதே வனக்காவலரிடம் "பூநாரை இப்போ எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். தண்ணீரைப் பொறுத்து இடம் மாறும். போன வாரத்து வீடியோவை நம்பிப் போனால் வெறும் சேற்றைத்தான் பார்ப்பீர்கள்.

அந்தச் சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காய்ந்த சதுப்பின் மேல் உப்புப் பூத்து, வெள்ளையாக, களம் மெழுகிய மாதிரி இறுகிக் கிடக்கும். முதல் பத்தடி தாங்கும். அடுத்த அடியில் மேல்தோல் உடைந்து, கீழே கறுப்புக் களி முழங்கால் வரை இழுக்கும். இழுத்த காலைப் பிடுங்க மற்றக் காலை ஊன்றினால் அதுவும் இறங்கும். செருப்பு போய்விடும், கேமரா நனையும், உதவிக்கு ஆள் இருக்காது. உப்பளத்து வரப்பு, வண்டித்தடம் இவற்றை விட்டு இறங்காதீர்கள். தப்பி இறங்கிவிட்டால் பையை முன்னால் வைத்து, அதன்மேல் உடம்பைச் சாய்த்து, வந்த வழியே தவழ்ந்து திரும்ப வேண்டும்.

வெளிமானுக்கு விடிந்த முதல் இரண்டு மணி நேரம். நின்றபடி நெருங்கினால் துள்ளி ஓடிவிடும். தூரத்திலேயே குந்தி உட்கார்ந்தால் மேய்ந்துகொண்டே அதுவாகப் பக்கம் வரும். ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடும், படம் எல்லாம் குழைந்துபோகும். காட்டுக்குள் திரியும் மட்டக்குதிரைகளைத் தொடப் போகாதீர்கள், உதைக்கும்.

தண்ணீர் தலைக்கு மூன்று லிட்டர், வேதாரண்யத்திலேயே வாங்கிவிடுங்கள். அடி கனமான ஷூ வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து வெளியே வரும். சைக்கிள் எடுத்தால் பஞ்சர் ஒட்டும் சாமானும் எடுங்கள். புதருக்குள் திசை குழம்பினால் திறந்த வெளிக்கு வந்து கலங்கரை விளக்கத்தைத் தேடுங்கள். கடலை வைத்துத் திசைக் கணக்குப் போடாதீர்கள்: கரை அங்கே மூலை திரும்புவதால் கிழக்கிலும் கடல், தெற்கிலும் கடல்.

செம்மொழி மன்னார்குடியிலிருந்து திரும்புவதும் ராத்திரிதான். ஆட்டோக்காரரிடம் மதியம் மூன்று மணிக்கே வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னால் இரண்டு பஸ் மாறியும் நேரம் மிச்சம் இருக்கும்.