கடை வாசல் பெரியவர்

கேள்வி: எங்கள் மளிகைக் கடையை அடைத்ததும் ஒரு பெரியவர் வாசலில் வந்து படுத்துக்கொள்வார். ஆறு மாதமாகச் சாப்பாடு கொடுக்கிறேன். முன்பெல்லாம் ஊர்க்கதை பேசுவார். ரெண்டு வாரமாகப் பேச்சு குழறுகிறது, ஊர்ப் பெயரையே மாற்றிச் சொல்கிறார். காலில் புண் வேறு. ‘மூளை கலங்கிப்போச்சு, விட்டுடு’ என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

இது அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் அன்றே போனில் பேசினேன். மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

விட்டுவிடாதீர்கள். வயதான மறதி பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெள்ள வரும். ரெண்டே வாரத்தில் ஒருவர் இப்படிக் குழம்பினால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். புண்ணில் சீழ் பிடித்திருக்கலாம். சர்க்கரை ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம். பக்கவாதமாகவோ, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் மெதுவாக ரத்தம் கசிவதாகவோ இருக்கலாம். குடியும் பட்டினியும் சேர்ந்தால் பி1 வைட்டமின் வற்றிப்போய் நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். சீக்கிரம் ஊசி போட்டால் தேற வழியுண்டு. தாமதித்தால் போன நினைவு திரும்பாமலே போகலாம். இத்தனையையும் ‘பைத்தியம்’ என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

108-ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் ‘ரெண்டு வாரம் முன்புவரை நன்றாகப் பேசினார்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். டாக்டருக்கு அதைவிட உதவும் தகவல் இல்லை. அதைச் சொல்ல உங்களைத் தவிர அவருக்கு ஆளும் இல்லை. புண்ணில் மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

உண்மையிலேயே மனநோய் என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது. கவனிப்பாரின்றித் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது 2017 மனநலச் சட்டப்படி போலீசின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். பெண்ணாக இருந்தால், இப்படித் தெருவில் தவிக்கும் மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் தொடங்கிய ‘பான்யன்’ அமைப்பு சென்னையில் இருக்கிறது.

அப்புறம், தண்ணீர். தெருவில் இருப்பவர்கள் பலர் தாகத்தோடுதான் படுக்கிறார்கள், தெரியுமா? குடித்தால் ராத்திரி ஒதுங்க இடமில்லை. தண்ணீர் வற்றினாலும் வயதானவர்களுக்குக் குழப்பம் வரும். சாப்பாட்டோடு ஒரு செம்புத் தண்ணீரும் வையுங்கள். கடைக் கழிப்பறையை ஒரு வேளையாவது திறந்துவிட முடியுமா, பாருங்கள்.

தேறித் திரும்பினால் மாத்திரைகளை அவரிடம் விடாதீர்கள். மழையில் நனையும், திருடும் போகும். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பெயர் எழுதிக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்து, டாக்டர் சொன்ன நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள்.

அந்தப் பழைய ஊர்க்கதைகள் ஞாபகம் இருக்கிறதல்லவா? ஊர், கோயில், பிள்ளைகள் பெயர், எது நினைவுக்கு வந்தாலும் இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். தெளிந்தபின் அதை அவரிடமே படித்துக்காட்டி, ‘ஊருக்குப் போறீங்களா ஐயா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.