அழுகிறவரிடம் வசனம் சொல்கிறவர்கள்

வணக்கங்கண்ணா. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. கூலி கட்டுப்படியாகவில்லை, கடனும் நெருக்கியது. போன வருஷம் தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றுவிட்டோம். அதிலிருந்து வீட்டுக்காரர் யாரிடமும் பேசுவதில்லை. ஆலயத்தில் நான் அழுதால், "விசுவாசி அழலாமா? எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்றுதானே வசனம்" என்கிறார்கள். எனக்கு முடியவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? வேறு சபைக்குப் போகலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

விசுவாசம் குறைந்துவிட்டதா என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும்தான். சோறு போட்ட தறி எடைக்குப் போனால் அழத்தான் செய்வார்கள்.

எனக்குக் கோபமெல்லாம் உங்களிடம் வசனம் சொன்னவர்கள் மேல். கொஞ்ச நாளாகவே இது மனதில் கிடந்தது. அந்த வசனம் வருகிற, பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதம் நான்கே அதிகாரம். அதையும் காவலில் இருந்துகொண்டு எழுதினார். காலண்டரில் அச்சடிப்பது நாலாம் அதிகாரத்தின் "சந்தோஷமாயிருங்கள்" மட்டும்தான். இரண்டாம் அதிகாரத்தில், தன்னோடு ஊழியம் செய்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்கிறார். தேவன் இரங்காவிட்டால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் "கண்ணீரோடும் சொல்லுகிறேன்" என்கிறார். அதே ஆள், அதே கடிதம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வந்துதான் சந்தோஷத்தைப் பேசுகிறார். முன்னே இருக்கிற இரண்டு அதிகாரத்தை வாசிக்காதவர்களுக்கு நாலாவதை எடுத்து இன்னொருவர் முகத்தில் வீச என்ன உரிமை இருக்கிறது?

அழுகிறவரோடு என்ன செய்யவேண்டும் என்று அவரே ரோமருக்குத் தெளிவாக எழுதியிருக்கிறார்: "அழுகிறவர்களுடனே அழுங்கள்." உங்கள் சபைப் பெண்கள் கீழ்ப்படியவேண்டிய வசனம் அது. லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, சில நிமிஷத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அவன் சகோதரி மரியாளோடு நின்று அழுதார். அவரைவிட இவர்களுக்கு விசுவாசம் கூடுதலா?

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஊரில் ஒரு வறட்சி. கிணறு அடியோடு வற்றி, தீவனமில்லாமல் மாடுகளை விற்கவேண்டி வந்தது. அன்று சாயங்காலமும் அம்மாயி பழக்கதோஷத்தில் கழுநீரைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தறிக்குப் போய்விட்டார். காலி முளைக்குச்சிகளைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதார். அப்பிச்சி, அம்மாவின் அப்பா, ஒரு வார்த்தை பேசவில்லை, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருட்டின பிறகு குடும்ப ஜெபத்தில் பைபிளின் ஆபகூக் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரம் வாசித்தார். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆடு என்று போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை. "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்பதை அம்மாயிதான் சொன்னார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. மாடு திரும்பி வரவில்லை. அம்மாயி முகத்தில் சிரிப்பும் இல்லை. ஆனாலும் சந்தோஷத்தைத் தேர்ந்துகொள்வது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது. வேறு யாரும் அதை அவருக்குக் கட்டளையாகச் சொல்லியிருந்தால் அந்தக் குரல் வந்திருக்காது.

நீங்களும் போனதைப் பேர் சொல்லி ஜெபியுங்கள். தறி, குடோன், கடன், எல்லாவற்றையும். அழுகை வந்தால் வரட்டும். மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிற வரியை வாய் சொல்லுகிற நாளில் சொல்லிக்கொள்ளலாம்.

சபை மாறுவதை அப்புறம் பார்க்கலாம், அது இப்போது பெரிய விஷயமில்லை. வீட்டுக்காரர் பேசாமலிருப்பதுதான் பெரிய விஷயம். கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், அப்படித் தாண்டக்கூடாது. கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும். இந்த வாரமே அவரைக் கூட்டிப் போங்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள்.