செயற்கைக்கோள் கணக்கில் தெர்மாமீட்டருக்கு என்ன வேலை?

கேள்வி: காடும் பயிரும் ஆண்டுக்கு எவ்வளவு கார்பனை உள்ளிழுக்கின்றன என்பதைத்தான் செயற்கைக்கோளே அளந்து சொல்லிவிடுகிறதே, அப்புறம் வானிலைத் தரவு சரியில்லை, அதனால் கணக்கும் தப்பு என்கிறார்களே, எப்படி?

பதில்: அது அளப்பதே இல்லை, சிக்கலே அங்கேதான். 1999-இல் டெர்ரா, 2002-இல் அக்வா என்ற நாசா செயற்கைக்கோள்களில் ஏறிப்போன மோடிஸ் என்ற படக்கருவி பார்ப்பது இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும். அதை வைத்து, விழும் வெயிலில் எத்தனை பங்கை இலைகள் பிடிக்கின்றன என்று கணிக்கலாம். ஆனால் வெயில் எவ்வளவு விழுந்தது, அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை என்ன, காற்று எவ்வளவு வறண்டு கிடந்தது என்பதெல்லாம், நிலைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் கலந்து தயாரிக்கும் வானிலைத் தரவிலிருந்துதான் வருகின்றன. கடைசியில் எல்லாவற்றையும் பெருக்குகிறார்கள். வெயிலை 10 சதவீதம் கூட்டிப் போட்டால் விடையும் 10 சதவீதம் கூடிவிடும்.

வறட்சிதான் இதில் மோசமான ஆள். 30 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் சுமார் 4.24 கிலோபாஸ்கல்; அதில் பாதிதான் இருக்கிறது என்றால் பற்றாக்குறை 2.12. அதே நீராவி அளவை வைத்துக்கொண்டு வெப்பநிலையை மட்டும் 32 என்று தப்பாகப் போட்டால் பற்றாக்குறை 2.64, அதாவது கிட்டத்தட்ட கால்வாசி கூடுதல். செடி இலைத்துளைகளை மூடிக்கொண்டிருக்கும் என்று கணக்கு முடிவு கட்டிவிடும், அங்கே செடியோ நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும்.

அளவுப் பொருத்தமும் இல்லை. ஆரம்ப காலத்தில் செயற்கைக்கோள் கணக்கு 1 கிலோமீட்டர் கட்டம் கட்டமாக இருக்க, அப்போது நாசா பயன்படுத்திய வானிலைத் தரவின் ஒரு கட்டமோ 100 கிலோமீட்டருக்கும் மேல். மலைப்பகுதியில் சிகரத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரே வெப்பநிலை. பிறகு சுற்றியுள்ள நான்கு கட்டங்களை இழைத்து மென்மையாக்கினார்கள், சரி, ஆனால் மூலத்தில் இருக்கும் பிழை இழைத்தால் போகாது.

2006-இல் மொன்டானா பல்கலைக்கழகக் குழு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து வானிலைத் தரவை மட்டும் மூன்று விதமாக மாற்றிப் பார்த்தது. உலக மொத்தத்தில் ஆண்டுக்கு 2,000 கோடி டன் கார்பனுக்கும் மேல் வித்தியாசம்! மொத்தமே சுமார் 12,000 கோடி டன்தான் என்கிறபோது இது சில்லறை இல்லை. வெப்பமண்டலத்தில்தான் தடுமாற்றம் அதிகம்.

தாறுமாறான பிழைகள் ஆண்டுக் கூட்டலில் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒரே பக்கம் சாயும் பிழை சேர்ந்துகொண்டே போகும். என்னைக் கேட்டால் அதைவிட வம்பு இன்னொன்று. ஒளியைச் செடி எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறது என்ற எண்ணையே ஒரு குறிப்பிட்ட வானிலைத் தரவோடு சேர்த்துத்தான் சரிப்படுத்தியிருப்பார்கள், ஆகவே தரவின் பிழை அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொண்டு விடை ஒழுங்காகத் தெரியும். நாளை துல்லியமான தரவைக் கொண்டுவந்து போட்டால் விடை கெட்டுப்போகும், தரவைத் திட்டுவார்கள். எண்ணையும் கூடவே மாற்ற வேண்டும்.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், இரண்டும் ஒரே வானிலைத் தரவின் ஒரே பதிப்பில் கணக்கிட்டவையா என்று முதலில் பாருங்கள்.